சுவருக்கு ஏறாத சீட்டுகள்

பச்சைப் பொட்டைக் கையில் கொடுத்துச் சுவரில் ஒட்டச் சொன்னால் பேராசிரியர்கள்கூடப் பள்ளிப் பிள்ளைகளாகிவிடுகிறார்கள். துனிஸ் நகரத்து லஃபாயெத் பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், நூலகவியல் ஆய்வு நிதிக் குழுவின் கூட்டத்தில் அன்று காலை அதுதான் நடந்தது. சுவரில் ஆறு தாள்கள், தாளுக்கு ஒரு ஆய்வுத் தலைப்பு. ஆளுக்கு மூன்று பொட்டு. மூன்றையும் ஒரே தலைப்பில் ஒட்டலாம், பிரித்தும் ஒட்டலாம். அதிகப் பொட்டு வாங்கும் முதல் மூன்று தலைப்புகளுக்குத்தான் அடுத்த நான்கு வருஷத்துக்கு நிதி. நான்காவதாக வருவது எவ்வளவு நல்ல தலைப்பானாலும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். காலையில் ஒட்டுவது வெள்ளோட்டம். சாப்பாட்டுக்குப் பிறகு ஒட்டுவதுதான் செல்லும்.

வெள்ளோட்டத்தில் 'பழைய கையெழுத்து ஏடுகளை இயந்திரம் படித்தல்' மூன்றாவதாக வந்தது. குழுவின் செயலாளர் ரவ்தா தாளில் இருந்த பொட்டுகளை இரண்டாம் முறை எண்ணுவது போல் பாவனை செய்தாள். எண்ண ஒன்றுமில்லை, மகிழ்ச்சியை முகத்தில் காட்டாமல் இருக்க ஒரு வேலை வேண்டியிருந்தது. ஏடுகள் அவளுடைய ஆய்வகத்தின் பிழைப்பு. பூச்சி அரித்த காகிதத்தில் எந்த நூற்றாண்டுக்காரரோ கிறுக்கிவிட்டுப் போனதைக் கணினிக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவள் எம்னா, ரவ்தாவிடம் ஆறு வருஷமாக வேலை பார்ப்பவள். அவளுடைய ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது. இந்தத் தலைப்பு முதல் மூன்றில் நின்றால் ஒப்பந்தம் நீளும், நிற்காவிட்டால் எம்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இளம் ஆய்வாளர்களின் சார்பாக எம்னாவும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து அவள் ரவ்தாவைப் பார்த்துச் சிரித்தாள். பல மாதமாக அவள் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்திராத ரவ்தாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

தலைவர் ஹமாதி ஓய்வுபெற்ற பேராசிரியர். சூஸ் நகரத்துக்குத் திரும்பும் மாலை ரயிலை அவர் எந்தக் கூட்டத்துக்காகவும் தவறவிட்டதில்லை. அமைச்சகத்துக்குப் போக வேண்டிய கடிதத்தை முதல் நாளே தட்டச்சு செய்து, தலைப்புகளுக்கு மட்டும் இடம் விட்டு, பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். எல்லாரையும் சாப்பிட விரட்டினார்.

ஒருவர் மட்டும் பொட்டு ஒட்டவில்லை. கெபிலி ஊர்ப் பொது நூலகத்தின் தலைவர் ஷத்லி. பாலைவனத்து ஓரத்திலிருந்து பகிர்வு வண்டியில் நசுங்கிக்கொண்டு வந்த மனிதர், மூன்று பொட்டையும் புறங்கையில் வரிசையாக ஒட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தார். மேசையில் டூனா மீன் தட்டு, ஹரிஸ்ஸா மிளகாய் விழுது, முட்டையை உள்ளே வைத்துச் சுடச்சுடப் பொரித்த ப்ரீக். நல்ல மனநிலையில் இருந்த ரவ்தா அவரைச் சீண்டினாள்.

"என்ன ஷத்லி ஐயா, கல்யாணப் பொண்ணு மருதாணி மாதிரி கையில வெச்சிருக்கீங்க? சுவருல ஒட்ட மனசில்லையா?"

"ஒட்ட எடம் இல்லையே தங்கச்சி. எங்க கேள்வியை அந்த ஆறுல காணோம்."

அதற்கு ரவ்தாவிடம் பதில் தயாராக இருந்தது. நாடு முழுக்க இருக்கும் நூலகத்துக்காரர்களுக்குக் குளிர்காலத்தில் ஆளுக்கொரு சீட்டு அனுப்பியிருந்தார்கள். 'விடை தெரியாமல் உங்களைத் தடுமாற வைக்கும் கேள்வி ஒன்றை எழுதுங்கள், அதை யாராவது ஆராயட்டும்' என்று. திரும்பி வந்த சீட்டுகளை ரவ்தாவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து கட்டு கட்டாகப் பிரித்தார்கள். பத்துக்கும் குறைவான சீட்டு விழுந்த கட்டு சுவருக்கு ஏறாது என்பது விதி. அந்த விதியைக் கொண்டுவந்ததே ரவ்தாதான், குழு மொத்தமும் அதை மெச்சியது. உங்கள் கேள்வியைக் கேட்டவர்கள் குறைவாக இருந்திருப்பார்கள் என்று அவருக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னாள்.

ஷத்லி ரொட்டியைப் பிய்த்து ஹரிஸ்ஸாவில் தோய்த்தார். தான் ஒருவன் மட்டும் எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ளலாம், தெற்கே எல்லா நூலகத்துக்காரர்களும் தொலைபேசியில் பேசிவைத்துக்கொண்டு அதையேதான் எழுதினோம் என்றார்.

"என்ன எழுதினீங்க?" என்று கேட்டாள் ரவ்தா.

"பென்ஷன் காகிதத்தைத் தூக்கிக்கிட்டு வர்றாங்களே, அவங்களைப் பத்தி. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போடச் சொல்லிட்டாங்க. எங்க ஊர்ல காசு கேக்காத ஒரு கம்ப்யூட்டரும், படிக்கத் தெரிஞ்ச ஒரு ஆளும் நூலகத்துலதான் இருக்கு."

"அது சட்டக் கட்டுல போயிருக்கும்."

"தூஸ் ஊர் நூலகத்துக்காரி, மருந்துச் சீட்டைப் படிச்சுச் சொல்லக் கேக்கறவங்களைப் பத்தி எழுதினா."

"அது மருத்துவம்."

"தோஸர் ஊர்ல பேரீச்சை மானியத்துக்கு மனுப் போட வர்றவங்க?"

"வேளாண்மை..." என்று சொல்லும்போதே ரவ்தாவின் குரல் இறங்கிவிட்டது.

ஷத்லி அவளைப் பார்த்துக்கொண்டே மென்றார். "அப்ப ஆட்டைத் தலை ஒருத்தனுக்கு, கால் ஒருத்தனுக்குன்னு கூறு போட்டுட்டு, ஆடே வரலேன்னு எழுதிட்டீங்க."

இதை வேறெந்தத் தொழில்காரனும் செய்திருக்க மாட்டான். கடைக்காரனிடமோ காவல்காரனிடமோ அந்தச் சீட்டுகளைக் கொடுத்திருந்தால், யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று பார்த்து ஒன்றாகக் கட்டியிருப்பான். நூலகத்துக்காரர்கள் கையில் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் கேட்பது 'இது எதைப் பற்றி?' என்றுதான். சாப்பாட்டுக் கடை விலைப்பட்டியலைக் கொடுத்தாலும் அதற்கு ஒரு வகுப்பு எண் தேடுவார்கள். ரவ்தா இருபத்தைந்து வருஷமாக அப்படிப் பழகிய கை. ஓய்வூதியச் சீட்டைப் பார்த்ததும் கை சட்டத்துக்குப் போனது, மருந்துச் சீட்டு மருத்துவத்துக்கு, மானியம் வேளாண்மைக்கு, பல்கலைக்கழக இடம் கேட்கும் மனு கல்விக்கு. ஒரே ஊர் ஆட்கள் ஒரே வாசலில் நின்று கேட்ட ஒரே கேள்வி நான்கைந்து கட்டுகளாகிவிட்டது. ஒரு கட்டும் பத்தைத் தொடவில்லை. ஏடுகளுக்கோ வகுப்பு ஒன்றுதான், ஆகவே எல்லாச் சீட்டும் ஒரே கட்டில் விழுந்து கொழுத்துவிட்டது.

ரவ்தா தட்டை நகர்த்தி வைத்தாள். பேச்சை மாற்ற வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, அதையெல்லாம் எதற்கு ஆராய வேண்டும், உதவி செய்துவிட்டுப் போகலாமே என்றாள்.

ஷத்லியின் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. அவருடைய நூலகத்தில் மப்ரூகா என்று ஒருத்தி இருக்கிறாள், பதினைந்து வருஷமாகப் புத்தகம் கொடுத்து வாங்குபவள். ஒரு விதவைக்கு ஓய்வூதிய மனுவை நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். மனுவில் போட வேண்டிய குறி ஒன்று தவறான கட்டத்தில் விழுந்துவிட்டது. விதவைக்குக் கோடை முழுக்கப் பணம் வரவில்லை.

"அந்தம்மா ஒரு வார்த்தை திட்டலை. தினம் வந்து வாசல்ல உக்காந்துட்டுப் போவாங்க. இவ உள்ள அழுவா. அப்புறம் 'இங்கே காகிதம் பார்க்கப்படாது'ன்னு ஒரு பலகை எழுதி, தானே ஆணி அடிச்சு மாட்டிட்டா. நான் எடுன்னு சொல்ல முடியல. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, தப்பு நடந்தா யார் பொறுப்பு? எனக்கே தெரியாது தங்கச்சி. தெரிஞ்ச ஆளு இந்த நாட்டுல யாராவது இருக்காங்களா?"

யாரும் இல்லை என்பது ரவ்தாவுக்குத் தெரியும். இல்லாத விடையைத் தேடத்தானே ஆய்வு, அதற்குத்தானே இந்தக் குழு.

சீட்டுகள் நிறைந்த அட்டைப்பெட்டி வெளியே நடைவழியில் இருந்தது. அதை எடுக்கப் போகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போனவள், அதன் எதிரில் சும்மா நின்றாள். இது அங்கேயே கிடந்தால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. ஷத்லி ஒரு முறை முனகிவிட்டு ஊருக்குப் போய்விடுவார், தெற்கத்திக்காரர்கள் முனகியே பழகியவர்கள். கடிதம் மாலை போய்விடும். எம்னாவின் வேலை நிற்கும். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளச் சொல்லி யார் கேட்டார்கள்? அவளுக்கு ஷத்லி மேல் கோபம் கோபமாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கோபப்பட அவர் ஒன்றும் செய்யவில்லை என்பதும் புரிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ப்ரீக் தட்டுகளுக்கு நடுவே வைத்தாள்.

ஷத்லியும் அவளும் சேர்ந்து பிரித்தார்கள். இந்த முறை எதைப் பற்றி என்று பார்க்கவில்லை, கேட்பது யார் என்று மட்டும் பார்த்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார்கள். யாருடைய ப்ரீக்கிலிருந்தோ மஞ்சள் கரு ஒழுகிச் சட்டக் கட்டின் மேல் விழுந்தது, யாரும் பொருட்படுத்தவில்லை. தெற்கு மட்டுமில்லை, கடலோரத்துச் சீட்டும் வந்தது, மலைப்பக்கத்துச் சீட்டும் வந்தது, தலைநகரத்தின் புறநகரிலிருந்தே நிறைய வந்தது. பல சீட்டுகளில் நூலகத்துக்காரர்கள் தங்கள் வார்த்தையில் எழுதாமல், வாசலில் கேட்டதை அப்படியே எழுதியிருந்தார்கள். 'உன்னைப் பெத்தவங்களுக்கு ஆண்டவன் கருணை காட்டட்டும், இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு.' முதல் முறை பிரிக்கும்போதே ரவ்தா இந்த வரியைப் படித்திருக்கிறாள். பேச்சு வழக்கு என்று தள்ளிவிட்டு, அடுத்த வரியில் பொருள் தேடியிருக்கிறாள். அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இந்தப் புதுக் கட்டு, ஏடுகளின் கட்டைத் தாண்டி, மற்ற ஐந்தையும் தாண்டி உயர்ந்தது.

ஹமாதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். குட்டையைக் குழப்ப வேண்டாம் என்றார். ஆறு தலைப்பு என்று போன மாதமே முடிவானது, வெள்ளோட்டமும் ஆகிவிட்டது, கடிதம் பையில் தயாராக இருக்கிறது. அதோடு, இது தர்ம காரியம், ஆய்வு இல்லை, அமைச்சகத்தில் சிரிப்பார்கள் என்றும் சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை, ரயிலும் விதியும் சரியாக ஓட வேண்டும் என்று நினைப்பவர்.

ரவ்தா எழுந்து நின்றாள்.

"விதியை மாத்தச் சொல்லல பேராசிரியரே. பத்துச் சீட்டு விழுந்தா சுவருக்கு ஏறணும், அதுதான் விதி. இது ஏறியிருக்கணும், முதல்ல ஏறியிருக்கணும். நாங்க பிரிச்ச விதத்துல தப்பு. பிரிச்சதுல முக்கால்வாசி என் கை."

"உன் கை சரி. உன்னோட தலைப்பு எங்க போகும்னு பாத்தியா?" என்று ஹமாதி மெல்லக் கேட்டார்.

"பாத்துட்டேன்."

ஹமாதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சீட்டுக் கட்டைப் பார்த்தார். கட்டின் மேலே கிடந்த சீட்டு சூஸிலிருந்து, அவருடைய ஊர் நூலகத்திலிருந்து வந்தது. அதை எடுத்துப் படித்தார். படித்துவிட்டுச் சுவரில் ஏழாவது தாளை ஒட்டச் சொன்னார்.

தாளை ஒட்டுவதற்குள் எம்னா நடைவழிக்கு வரச் சொல்லி ரவ்தாவுக்குக் கண் காட்டினாள். அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் ரவ்தாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஜூன்ல எனக்கு வேலை இல்ல. அது தெரிஞ்சுதானே பேசினீங்க மேடம்?"

"தெரிஞ்சுதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம்தான். கேட்டிருந்தால் எம்னாவின் முகத்தைப் பார்த்ததும் தன் வாய் அடைத்துப் போயிருக்கும் என்று ரவ்தா உண்மையைச் சொன்னாள். ஏதாவது வழி செய்கிறேன் என்று ஆரம்பித்தவளை எம்னா நிறுத்திவிட்டாள்.

"செய்ய முடியாததைச் சொல்லாதீங்க. எனக்கு இப்ப ஒரு டீ வேணும். அவ்வளவுதான்."

பைன் விதை மிதக்கும் புதினாத் தேநீரை ரவ்தாவே ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். எம்னா உள்ளே வந்து மேசையருகே நின்றபடியே குடித்தாள். பெட்டியிலிருந்த சீட்டுகளை ஒரு கையால் புரட்டிக்கொண்டே குடித்தாள்.

இரண்டாம் சுற்றில் ஷத்லி தன் புறங்கையிலிருந்து மூன்றையும் உரித்து ஏழாவது தாளில் ஒட்டினார். காலை முழுக்கக் கையில் இருந்ததால் பசை போய்விட்டிருந்தது, உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. ரவ்தா இரண்டை ஏழாவதில் ஒட்டினாள். மூன்றாவதை ஏட்டுக்கே ஒட்டினாள். அதை ஒட்டாமல் போக அவளுக்கு மனம் வரவில்லை, அதற்காக அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. எம்னா இரண்டை ஏட்டுக்கும் ஒன்றை ஏழாவதற்கும் ஒட்டிவிட்டு, ஒருவரையும் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டாள்.

ஏழாவது தாள் முதலாவதாக வந்தது. ஏடுகள் நான்காவதாக இறங்கின. அது எதிர்பார்த்ததுதான் என்றாலும், ஹமாதி அதை வாய்விட்டுப் படித்தபோது ரவ்தா சுவரைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். அந்த ஏடுகளை அவள் உண்மையாகவே நேசித்தாள். அவை இன்னும் நான்கு வருஷம் பெட்டியில் தூங்கப் போகின்றன, பூச்சிகள் தூங்கப் போவதில்லை.

மிச்சம் ஒரு வேலை இருந்தது. ஏழாவது தாளுக்குத் தலைப்பு இல்லை. நூலகத்துக்காரர்களிடம் தலைப்பில்லாத ஒரு பொருள் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான், ஆகவே சண்டை ஆரம்பமானது. 'குடிமக்கள் ஆவணங்களுக்கான தகவல் இடையீட்டுச் சேவைகள்' என்றார் ஒருவர். அதில் 'மின்னணு' வர வேண்டும் என்றார் இன்னொருவர். 'பன்முக' என்று ஒரு சொல்லையும் யாரோ உள்ளே தள்ளினார்கள். ஷத்லி தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பெயரைக் கெபிலி நூலக வாசலில் எழுதிப் போட்டால், அதைப் படித்துச் சொல்லச் சொல்லி இன்னொரு வரிசை நிற்கும் என்றார். அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள்.

எம்னா எழுந்து போய்த் தடித்த பேனாவை எடுத்தாள். பழைய ஏடுகளோடு ஆறு வருஷம் புழங்கியதில் அவளுக்குக் கையெழுத்து நன்றாக வந்திருந்தது. நிதானமாக, பெரிதாக எழுதினாள். 'இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு.'

"அமைச்சகத்துக்கு இப்படியா எழுதுவாங்க பொண்ணே?" என்றார் ஹமாதி.

"அவங்களும் அதே வேலையைத்தானே செய்யணும் பேராசிரியரே."

ஹமாதி பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். விட்டிருந்த முதல் இடத்தில் அந்த வரியைத் தன் கையாலேயே எழுதினார். கீழே சின்ன எழுத்தில் 'மின்னணு' வரும்படி ஒரு விளக்கத்தையும் சேர்த்தார். அது அவருடைய நிம்மதிக்கு. பிறகு எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டு, ரயிலுக்கு ஓடினார்.

படி இறங்கும்போது ரவ்தா பின்னால் வந்துகொண்டிருந்தாள். எம்னாவும் ஷத்லியும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். எம்னா அட்டைப்பெட்டியைக் கேட்காமலே தூக்கி இடுப்பில் வைத்திருந்தாள். சீட்டுகளைத் திரும்பப் பிரிக்க வேண்டும் என்றாள், இரண்டு பேர் சாப்பாட்டு மேசையில் பிரித்ததை எந்த ஆய்வும் ஒத்துக்கொள்ளாது. புது நிதிக்கு மனு வாங்குவது செப்டம்பரில்தானே என்று கேட்டாள். பிறகு, கெபிலியில் வாடகைக்கு அறை கிடைக்குமா என்று கேட்டாள்.

"அறை கெடைக்கும். வெயிலும் கூடவே கெடைக்கும், அதுக்கு வாடகை இல்ல" என்றார் ஷத்லி. "ஆனா ஒண்ணு, உன் கம்ப்யூட்டர் எங்க டாக்டர் எழுத்தைப் படிக்குமா?"

"ஆயிரம் வருஷத்து எழுத்தைப் படிச்சிருக்கு."

"எங்க டாக்டர் எழுத்தை நீ பாக்கல."

எம்னா சிரித்தாள். காலையில் சிரித்த சிரிப்பு இல்லை, கொஞ்சம் களைத்த சிரிப்பு. ஆனால் சிரிப்புதான். ரவ்தா அதைப் பின்னாலிருந்து கேட்டாள். எம்னாவின் பக்கத்தில் போய் நடக்கலாமா என்று யோசித்தாள். எம்னாவே ஒரு படி நின்று, பெட்டியின் ஒரு பக்கத்தை நீட்டினாள். ரவ்தா பிடித்துக்கொண்டாள்.

தெருவுக்கு வந்ததும் ஷத்லி கைபேசியை எடுத்து நூலகத்துக்குப் பேசினார். மறுமுனையில் மப்ரூகா. கடைகளின் இரைச்சலில் அவர் குரலை உயர்த்த வேண்டியிருந்ததால் ரவ்தாவுக்கும் கேட்டது. நடந்ததைச் சொன்னார், கொஞ்சம் கூட்டியே சொன்னார். பலகையை எடுத்துவிடலாமா என்று அவள் கேட்டிருப்பாள் போலிருக்கிறது. ஷத்லி பொட்டில்லாத புறங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாம், இப்பவே எடுக்காதே. யாராவது வந்து சரியான வழியைக் கண்டுபிடிக்கட்டும்" என்றார். "ஆனா மப்ரூகா, அந்த ஆணியைக் கொஞ்சம் தளர்த்தி வை."